மூன்றாம் தடவை வேண்டாம் அக்கா, பேராதனைக்கு அனுப்புங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா மகளோடு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி இரண்டாம் தடவையும் மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சம் போதாது. மிருக வைத்தியம் கிடைக்கும்போல இருக்கிறது. கொழும்பு மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்: "மாட்டு டொக்டராகவா இவ்வளவு படிச்சது? இன்னொருக்கா எழுதட்டும். இல்லாட்டி வெளிநாட்டுல மெடிசின் செய்யட்டும், அப்பாட ஈ.பி.எப். இருக்குத்தானே."

"பயப்படாதீங்க அக்கா, பார்ப்போம்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அப்படி மழுப்பியது பிழை என்று பட்டது. அக்கா, சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் இருவரின் கடைசிக் காலச் சோறு. வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தாலும் இங்கே மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் பதிவு. அதுவரை பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினால் அதற்கு வட்டி கட்டப்போவது மாமா இல்லை. மூன்றாம் தடவைதான் கடைசித் தடவை. வெட்டுப்புள்ளி வருசத்துக்கு வருசம் மாறும். இன்னொரு வருசம் ரியூசன் வகுப்பில் இருந்தால் மருத்துவம் நிச்சயம் என்று யாராலும் எழுதித் தர முடியாது.

மகளிடம் நான் முதலில் கேட்டது ஒரு கேள்வி, எந்த வேலையைச் செய்யும்போது உனக்கு நேரம் போவது தெரியாது என்று. பாட்டியின் பசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்ப்பாளாம். பால் திரிதிரியாக இருந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. "பாட்டிக்குக் கண் சரியில்ல சேர், அதனால நான்தான் பார்ப்பேன்" என்றாள். மருத்துவ பீடத்தைப் பற்றிக் கேட்டதற்கு உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். கவனித்தீர்களா?

மாட்டு டொக்டர் என்றால் மாட்டுக்கு ஊசி போடுகிறவர், அவ்வளவுதான் என்று மாமா நினைக்கிறார். நம் நாட்டில் அரச பல்கலைக்கழகங்களில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான். படிப்புக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து மகாபொல புலமைப்பரிசில் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டம் முடிந்ததும் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மிருக வைத்திய சபையில் பதிய வேண்டும். அரச நியமனம் மறுநாளே வராது, காத்திருக்க நேரலாம். அந்த இடைவெளியில் தனியார் கிளினிக்கிலோ பண்ணையிலோ கை பழகும்.

நியமனம் வந்த பிறகு நடப்பதுதான் யாரும் கவனிக்காத விசயம். ஆஸ்பத்திரியில் புது டொக்டருக்கு மேலே படிப்படியாகப் பெரியவர்கள் இருப்பார்கள். பிரிவு கால்நடை வைத்திய அலுவலகத்தில் உங்கள் மகள்தான் பொறுப்பதிகாரி. கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, மாட்டின் காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய்க்குத் தடுப்பூசி எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுவது, செயற்கைச் சினைப்படுத்தல் பதிவுகளைச் சரிபார்ப்பது, பால் விவசாயிகளைக் கூட்டிப் பேசுவது எல்லாம் அவள் தலையில். 2020இல் மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய் முதன்முதலாக இலங்கைக்குள் வந்தபோது பட்டி பட்டியாகப் போய் மாட்டை நகர்த்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தவர்களும் இவர்கள்தான். லயத்துப் பட்டியில் மாடு வைத்திருப்பவரிடம் தமிழிலேயே பேசுகிற அதிகாரி நம் பக்கத்துக்கு எவ்வளவு தேவை என்பது உங்களுக்கே தெரியும்.

அங்கேயே நின்றுவிட வேண்டியதுமில்லை. பேராதனையிலேயே பட்டமேற்படிப்பு இருக்கிறது. நோய்ப்பரவல், பொதுச் சுகாதாரம், பண்ணை நிர்வாகம் என்று எது பிடிக்கிறதோ அதில் ஆழமாகப் போகலாம். ஆய்வில் விருப்பமென்றால் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணங்களுக்கும் தனித் திணைக்களம் வந்தது, அதன் தலைமையில் மாகாணப் பணிப்பாளர். மத்திய திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் இருப்பது கெட்டம்பேயில். பீடம், ஆராய்ச்சி நிலையம், தலைமை அலுவலகம் மூன்றும் மகாவலிக் கரையோரம் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன.

ஆனால் மேலே போக மாடு தெரிந்தால் மட்டும் போதாது. சிங்களத்தில் கடிதம் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும், வரவு செலவுத் திட்டத்துக்காகக் கூட்டத்தில் வாதாட வேண்டும். பல்கலைக்கழகம் திறக்கும்வரை இருக்கிற மாதங்களில் ரியூசனுக்குப் பதில் சிங்களம் படிக்கட்டும்.

"பொம்பளப் பிள்ளை மாடு பிடிக்கிறதா?" என்று அப்பா கேட்டாராம். மாட்டைப் பிடிப்பது மாட்டுக்காரர். டொக்டர் தோள்வரை கையுறை போட்டுச் சினை பார்ப்பார். அதற்குத் தேவை பலமில்லை, விரல் நுனியில் உணர்வு.

பல்கலைக்கழக விண்ணப்பப் போர்மை அனுப்புமுன் ஒருநாள் உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மகளைக் கூட்டிப் போங்கள். காலையிலேயே போக வேண்டும், பிந்தினால் டொக்டர் பட்டிகளுக்குப் புறப்பட்டுவிடுவார். கேட்டால் கூடவே வர விடுவார். மாமாவுக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும், பழைய செருப்போடு.