வயிறு நிறைய சினைப்பைக் கட்டி: அட்மிட் செய்தும் ஏன் உடனே ஆபரேஷன் செய்வதில்லை?

தம்பி, அம்மாவைப் பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்து ஒரு வாரமாகியும் ஆபரேஷன் தேதி சொல்லவில்லை, ஊசி குத்தி நீரையாவது எடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இந்த ஒரு வாரமும் அம்மாவுக்கு வைத்தியம்தான் நடக்கிறது.

அவரால் மல்லாந்து படுக்க முடியாது, இல்லையா? இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அந்தக் கட்டி முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது, பிரஷர் இறங்கிவிடும். தியேட்டரிலும் மேஜையை இடப்பக்கம் சாய்த்துத்தான் வைப்போம். அதே அழுத்தத்தால் காலில் ரத்தம் தேங்கி உறையும். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போடுவதும் அதற்காகத்தான். வீங்கிய காலை யாரும் எண்ணெய் தடவி நீவிவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். சாப்பாடு இறங்காமல் உடம்பில் புரதமும் குறைந்திருக்கும். அதைத் தேற்றினால்தான் தையல் ஆறும்.

எங்களுக்கு நெஞ்சு படபடப்பது கட்டி வெளியே வரும் அந்தச் சில நிமிடங்களில். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த குடல் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, ரத்தம் அங்கே தேங்கி, பிரஷர் சட்டென்று விழும். அதனால் மயக்க டாக்டர் "கொஞ்சம் பொறுங்க" என்றால் சர்ஜன் கையை நிறுத்திவிடுவார். அவ்வளவு நிதானமாகத் தூக்குவார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பது புற்றுநோயாக இருந்தால் செல்கள் வயிற்றில் சிந்திப் பரவலாம். முடிந்தவரை உடையாமல் முழுசாக எடுப்பதே நல்லது. மூச்சே விட முடியாத நிலையில் டாக்டர்களே கசியாதபடி நீரை மெல்ல இறக்குவதும் உண்டு. அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பெரிய கட்டி என்றாலே கேன்சர் என்று பயப்படாதீர்கள். இவ்வளவு பெரிதாக வளர்பவற்றில் பல, கொழகொழப்பான நீர் நிறைந்த சாதாரணக் கட்டிகள். புற்றுநோய் இருக்குமா என்று பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையில் அளவு சற்றுக் கூடியிருந்தாலும் அது மட்டுமே முடிவல்ல. எடுத்த கட்டியில் ஒரு துண்டை அப்போதே உறையவைத்துப் பரிசோதித்து, கர்ப்பப்பையையும் எடுப்பதா என்று தீர்மானிப்பார்கள்.

1809-இல், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் ஜேன் டாட் கிராஃபோர்டின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கட்டியை எடுத்தார். அந்த அம்மாள் அதன்பின் 30 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். இன்று உங்கள் அம்மாவுக்கு மயக்க டாக்டரும் ஐசியூவும் ரத்த வங்கியும் துணை இருக்கின்றன.

குழாயில் மூச்சை உள்ளிழுத்துப் பந்தை எழுப்பும் பயிற்சியை அவர் விடாமல் செய்யட்டும். ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்கள் யார் யார் தயார் என்று இன்றே வார்டில் சொல்லிவையுங்கள்.