டெபாசிட் உத்தரவு வந்த பிறகும் வழக்கை நடத்தலாமா?

கேள்வி: லண்டனில் ஒரு வேர்ஹவுஸில் 9 வருடம் வேலை பார்த்தேன். சூப்பர்வைசர் தமிழர்களை இழிவாகப் பேசுவார். கடைசியில் என்னை நீக்கிவிட்டார்கள். அநியாயப் பணிநீக்கம், இனப் பாகுபாடு என்று தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டேன். பாகுபாட்டுக் குற்றச்சாட்டு ஜெயிக்க வாய்ப்புக் குறைவு, அதைத் தொடர வேண்டுமானால் அதற்கு மட்டும் 500 பவுண்ட் டெபாசிட் கட்ட வேண்டும் என்கிறார் நீதிபதி. கம்பெனி 6,000 பவுண்டுக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறது. தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவு நம் தலையில் விழாது என்கிறார்கள் நண்பர்கள். போராடலாமா?

பதில்: சூப்பர்வைசரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மனக்காயம் புரிகிறது, ஆனால் இப்போது அதை ஒதுக்கி வையுங்கள். டெபாசிட் உத்தரவின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். சூப்பர்வைசர் அப்படிப் பேசியிருந்தாலும், நீக்கும் முடிவை எடுத்தவர் வேறு மேனேஜர். அவருக்கு இது தெரியும் என்று காட்ட எதுவுமில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை.

நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. தோற்றதற்காக மட்டும் செலவு கட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் டெபாசிட் கட்டி நடத்தி, அதே காரணத்துக்காகத் தோற்றால், நீங்கள் நியாயமின்றி வழக்கை இழுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. டெபாசிட்டும் கம்பெனிக்குப் போகும். செலவுத் தொகையாக 20,000 பவுண்ட் வரை தீர்ப்பாயமே நேரடியாக விதிக்கலாம். கணக்கை விரிவாகப் பரிசீலிக்க அனுப்பினால் அதற்கு மேலும் போகும்.

என்னிடம் வந்த பலர் இந்த 500 பவுண்டை நுழைவுக் கட்டணம் என்று நினைத்துக் கட்டியவர்கள். தீர்ப்புக்குப் பின் 28 நாளுக்குள் கம்பெனி வக்கீலின் மனு வரும், பாரிஸ்டர் கட்டணம் உட்பட. கூடவே அந்த 6,000 பவுண்ட் கடிதமும். ‘செலவு விஷயம் தவிர’ என்று தலைப்பில் போட்டிருக்கிறதே, அதாவது செலவை முடிவு செய்யும்போது மட்டும் நீதிபதியிடம் காட்டலாம் என்று, அது இதற்காகத்தான்.

கையில் காசில்லை என்றால் விட்டுவிடுவார்கள் என்றும் நம்ப வேண்டாம். லூயிஷம் கவுன்சில் மீதான வழக்கில் வக்கீலின்றித் தானே வாதாடித் தோற்றவர், கவுன்சிலின் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்ற உத்தரவை 2013-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. மொத்தச் செலவு சுமார் 2,60,000 பவுண்ட். இன்று வசதியில்லை, நாளை சம்பாதிக்கலாமே என்று பார்த்தார்கள்.

மேனேஜருக்குத் தெரியும் என்பதற்கு ஒரு ஈமெயிலாவது இல்லையென்றால் டெபாசிட் கட்டாதீர்கள். அந்தக் குற்றச்சாட்டு மட்டும் தள்ளுபடியாகும், பணிநீக்க வழக்கு தொடரும். ஆனால் டெபாசிட் கட்டும் கெடு தேதிக்கு முன்பே ஏகாஸ் (தொழில் தகராறுகளில் சமரசம் பேசும் அரசு அமைப்பு) அதிகாரி மூலம் பேசுங்கள். பாகுபாட்டு வழக்கு நிற்கும்வரைதான் தொகையைக் கூட்டிக் கேட்க முடியும். கூட்டித் தராவிட்டால் 6,000-க்கே முடித்துவிடுங்கள். ஏகாஸ் மூலம் எழுதப்படும் சமரச ஒப்பந்தமான சிஓடி3 படிவத்தில், கம்பெனி உங்களிடம் செலவு கோராது என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.