புட்டித் தண்ணீரின் லேபிளை எப்படிப் படிப்பது?

கேள்வி: இரண்டு புட்டிகளில் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் 'இயற்கை கனிம நீர்' என்றும் மற்றதில் 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீர்தானா? வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கிறார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: டிடிஎஸ் வெறும் மொத்தத் தொகை. எந்த உப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. லேபிளில் அயனிகளின் (உப்புகள் நீரில் கரைந்து பிரியும் மின்னேற்றத் துகள்கள்) அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரப்பட்டிருக்கும். அதில் பைகார்பனேட், சல்பேட், குளோரைடு மூன்றையும் முதலில் பாருங்கள். தண்ணீர் எந்தப் பாறை வழியாக வந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தால் கால்சியமும் பைகார்பனேட்டும் கிடைக்கும். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறையான டோலமைட்டாக இருந்தால் மக்னீசியமும் சேரும். பிரான்ஸின் எவியான் புட்டி நீர் இந்த வகை: கால்சியம் 80, மக்னீசியம் 26, பைகார்பனேட் 360. அதே நாட்டின் கான்ட்ரெக்ஸில் கால்சியம் 468, சல்பேட் 1,100-க்கு மேல். இது ஜிப்சம் (கால்சியம் சல்பேட் கனிமம்) கரைந்த நீர். பழக்கமில்லாதவர்களுக்கு வயிறு இளகலாம். எரிமலைப் பாறையில் ஊறி வரும் வால்விக்கில் கால்சியம் 12 மட்டுமே, சிலிக்கா 30-க்கு மேல்.

சுத்திகரிக்கப்பட்ட குடிநீரின் மூலம் கிணறாகவும் இருக்கலாம், குழாய் நீராகவும் இருக்கலாம். ஆர்ஓ சவ்வு உப்புகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும். பிறகு சுவைக்காகக் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அதனால் பைகார்பனேட் குறைந்து, குளோரைடோ சல்பேட்டோ மேலோங்கி நிற்கும். ஆனால் உப்பு மிகுந்த நிலத்தடி நீரிலும் குளோரைடு அதிகம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. சேர்மானப் பொருட்களின் பட்டியலில் கனிம உப்புகள் இருந்தால் அது இயற்கை கனிம நீர் அல்ல. அதற்காக அது தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம்; மூலம் வேறு, பாதுகாப்பு வேறு.

லேபிளின் எண்களைச் சரிபார்க்கவும் வழி உண்டு. கால்சியத்தை 20-ஆலும், மக்னீசியத்தை 12.15-ஆலும், சோடியத்தை 23-ஆலும், பொட்டாசியத்தை 39-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். பைகார்பனேட்டை 61-ஆலும், சல்பேட்டை 48-ஆலும், குளோரைடை 35.5-ஆலும், நைட்ரேட்டை 62-ஆலும் வகுத்துத் தனியாகக் கூட்டுங்கள். முதல் கூட்டு நேர்மின் அயனிகள், அடுத்தது எதிர்மின் அயனிகள் என்பதால் இரண்டு கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். பெரிதாக விலகினால் ஏதோ ஓர் அயனியை விட்டிருக்கிறார்கள், அல்லது எண் தவறு. 'உலர் எச்சம்' (நீரை ஆவியாக்கிய பின் மிஞ்சுவது) மட்டும் அயனிகளின் மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கும், அது பிழையில்லை. நீரை ஆவியாக்கும்போது பைகார்பனேட்டின் எடையில் ஏறத்தாழ பாதி, நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போய்விடுகிறது.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணுக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை. வாயு ஏற்றிய நீரில் அது இயல்பாகவே 5 அளவுக்கு இறங்கும்.

ரத்த அழுத்தத்துக்கு முக்கியம் சோடியம். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 20 மி.கி.-க்குக் குறைவாக இருந்தால்தான் 'குறைந்த சோடியம் உணவுமுறைக்கு ஏற்றது' என்று எழுதலாம். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். விஷி செலஸ்டன் என்ற நீரில் லிட்டருக்குச் சுமார் 1,170 மி.கி. சோடியம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பே 2,000 மி.கி.தான். அந்தச் சோடியம் பெரும்பாலும் பைகார்பனேட்டோடு இருப்பதால் நாக்கில் அவ்வளவாகக் கரிக்காது. ஆகவே சுவையை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். சோடியத்துக்குப் பதில் 'உப்பு' என்று அளவு கொடுத்திருந்தால் அதை 2.5-ஆல் வகுத்தால் சோடியம் வந்துவிடும்.