வகுப்பறைக்குள் ஒரு தொட்டிப்பாலம்

கேள்வி: திருவட்டாறு அருகே நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியலும் கணிதமும் எடுக்கிறேன். மாணவர்களே வடிவமைத்துச் செய்யும் பாடம் ஒன்றை உருவாக்க ஆசை. ஆனால் அது கடைசியில் தெர்மோகோல் கண்காட்சிப் பொருளாகவே முடிகிறது. கணக்கு அதில் எங்கும் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பார்வைக்கு வைக்கும் பொருளைச் செய்யச் சொன்னால் கணக்குக்கு அங்கே வேலை இல்லை. இயங்கிக் காட்ட வேண்டிய பொருளைச் செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்திலேயே மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது; கால்வாய் நீரைத் தொட்டியில் ஏந்தி ஆற்றுக்கு மேலே கடத்தும் பாலம் அது. பறளியாற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்ட கால்வாய் நீர் எதிர்க்குன்றில் தானாக ஏறாது; அதனால்தான் அதைச் சுமார் 115 அடி உயரத்திலேயே கடத்துகிறார்கள். இதையே சவாலாக வையுங்கள். இரண்டு மேசைகளுக்கு இடையே 2 மீட்டர் இடைவெளி. தண்ணீர் சிந்தக் கூடாது. போய்ச் சேரும் இடம் முடிந்தவரை உயரமாக இருக்க வேண்டும். கால்வாய் உயரத்தை இழந்தால் மேட்டு வயலுக்குப் பாசனம் எட்டாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் பாடத்தின் உயிர். அது இல்லாவிட்டால் எல்லாக் குழுக்களும் தொட்டியைச் செங்குத்தாகச் சாய்த்துவிடும், யோசிக்க எதுவும் மிஞ்சாது.

தொட்டிக்கு நெடுக்கே பிளந்த பிவிசி குழாய், தூணுக்குச் சுருட்டிய செய்தித்தாள், மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (நீர் நிரப்பிய தெளிவான குழாய்) போதும். கமுகம்பாளையிலும் செய்யலாம், ஆனால் அளவெடுக்கக் குழாயே சீரானது.

சரிவை 1:100, 1:50, 1:25 என மாற்றச் சொல்லுங்கள். அதாவது 2 மீட்டருக்கு 2, 4, 8 செ.மீ. இறக்கம். அடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து நீர் விழட்டும். பாட்டிலில் நீர்மட்டம் தாழ்ந்தால் விழும் நீரின் அளவும் குறையும் என்பதால், மட்டத்தைக் காக்கவே ஒரு மாணவரை நிறுத்துங்கள். ஓர் உமியை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுக்கட்டும். சரிவு இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காது. வரைபடம் வளைந்து நிற்கும். கூடவே நீரின் ஆழம் குறைவதையும் அளவுகோலில் பார்க்கலாம். வேகத்தையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் ஏன் வருகிறது என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை, வேகம் × பரப்பு = ஒரு நொடியில் கடக்கும் நீரின் அளவு என்ற சூத்திரத்தைச் சொல்லாதீர்கள்.

தூண்களுக்கும் கணக்கு உண்டு. மாத்தூரில் தொட்டி சுமார் 7 அடி ஆழம், 7.5 அடி அகலம். அது நிறைந்தால் ஒரு மீட்டர் நீளத்தில் மட்டும் நீர் எவ்வளவு கனக்கும்? கிட்டத்தட்ட 5 டன். விடையை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தோவாளைப் பக்கத்துப் பள்ளியாக இருந்தால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை எடுத்திருப்பேன். இறக்கையின் நீளம் இரட்டித்தால் அது சுழலும் பரப்பு நான்கு மடங்காகும்.

முதல் பாடவேளையில் செய்யட்டும், அடுத்ததில் அளக்கட்டும், மூன்றாவதில் திருத்திக் கட்டட்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் மூன்றாவதைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். கற்றல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. மதிப்பெண்ணை அழகுக்குத் தராதீர்கள். எந்த அளவைப் பார்த்து எதை மாற்றினார்கள் என்று நோட்டில் எழுதியிருப்பதற்குத் தாருங்கள். தூண் சரிந்த குழுவும் அதில் முழு மதிப்பெண் வாங்கலாம்.