பழைய ராக் குழுக்களின் பிற்கால ஆல்பங்கள்: கேள்வி பதில்

எழுபதுகளிலேயே பெயர் வாங்கிவிட்ட ராக் குழுக்கள் பிற்பாடு போட்ட ஆல்பங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த கிடார் வாங்கலாம் என்பதற்கெல்லாம் இங்கே பதில் வராது. ஆல்பத்தின் பெயரோடு எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். இந்த விஷயத்தில் பாதிச் சண்டை, ஒருவர் ஒரு பதிப்பையும் இன்னொருவர் வேறு பதிப்பையும் கேட்டுவிட்டுப் போடுவது.

கே: கிடார் வாசித்த ரிச்சி பிளாக்மோர் போன பிறகு டீப் பர்ப்பிளில் கேட்பதற்கு என்ன இருக்கிறது அண்ணா?

ப: 1996இல் வந்த 'பர்ப்பெண்டிகுலர்'. ஸ்டீவ் மோர்ஸ் வாசித்த முதல் ஆல்பம். பிளாக்மோரைப் போல வாசிக்க அவர் மெனக்கெடவில்லை, அதுதான் காப்பாற்றியது. 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' கேட்டால் புரியும். ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனும் இதில் உண்டு. அவர் விலகியது 2002இல்தான். அடுத்து, பாப் எஸ்ரின் தயாரித்த 'நௌ வாட்' (2013), ஆர்கனில் டான் ஏரி. நடுவில் வந்த 'பனானாஸ்' அவசரமில்லை.

கே: ரஷ் குழுவின் 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' கேட்டால் காது கரகரக்கிறது. என் இயர்போன் கோளாறா?

ப: ஆண்டு எழுதவில்லை. 2002 பதிப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன். இயர்போனில் குறை இல்லை, ஆல்பத்தில்தான்.

டிரம்மர் நீல் பியர்ட் 1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் இழந்து, குழுவே முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு வந்த ஆல்பம் இது. பாடல்கள் கனமானவை. கீபோர்டு கிடையாது, அந்த இடத்தை அலெக்ஸ் லைஃப்சன் அடுக்கடுக்காகப் பதிந்த கிடார்களால் நிரப்பினார். அது 'எங்கள் சத்தம்தான் பெரிசு' என்று எல்லாரும் லிமிட்டரை (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) போட்டு அழுத்திய காலம். டிஜிட்டலில் ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குமேல் அலை போக முடியாது. தள்ளத் தள்ள அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் மூலப் பதிவில் இல்லாத கரகரப்பு பிறக்கும். இதுதான் கிளிப்பிங். கிடார் அடுக்குகளும் சிம்பலும் சேர்ந்து ஒரே இரைச்சல் சுவராகிவிடும், ஸ்னேர் டிரம்மின் அடி அதற்குள் புதைந்துபோகும்.

நீங்களே பார்க்கலாம். சிடியிலிருந்து ஒரு பாட்டை வேவ் கோப்பாக எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, கிளிப்பிங்கைக் காட்டும் வசதியை இயக்குங்கள். சிவப்புக் கோடுகள் வரிசைகட்டி நிற்கும். ஒலியளவைக் குறைத்தால் சத்தம்தான் குறையும், வெட்டுப்பட்ட தலை முளைக்காது.

இந்தச் சேதம் மிக்ஸிலேயே, அதாவது தனித்தனியாகப் பதிந்த ட்ராக்குகளைக் கலக்கும்போதே, ஏறிவிட்டது. அதனால் ரீமாஸ்டர் (கலந்து முடித்ததை மெருகேற்றுவது) செய்து பயனில்லை, தனித்தனி ட்ராக்குகளுக்குத் திரும்பிப்போய் மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். 2009இல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாட்டுகளை ரிச்சர்ட் சைக்கி அப்படிச் செய்தார். 2013இல் முழு ஆல்பத்தையும் டேவிட் பாட்ரில் செய்தார். அதை வாங்குங்கள்.

கே: பழைய பாடகர் இல்லாமல் அதே பெயரை வைத்துக்கொள்வது சரியா?

ப: 1980 ஒரு வருஷத்தைப் பாருங்கள். புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', புதுப் பாடகர் டியோவோடு பிளாக் சபத்தின் 'ஹெவன் அண்ட் ஹெல்'. சரிதான்.

கே: 1987இல் வந்த 'எ மொமென்டரி லேப்ஸ் ஆஃப் ரீசன்' பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பமா, அதன் கிடார்காரர் கில்மோரின் தனி ஆல்பமா?

ப: ஆண்டு எழுதியதற்கு நன்றி. யார் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் கில்மோர் ஆல்பம். பாஸ் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகிவிட்டார். கீபோர்டு வாசித்த ரிக் ரைட் தாமதமாக வந்தார், அதுவும் சம்பளத்துக்கு. டிரம்மர் நிக் மேசனுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பிஸ், டிரம் மெஷின் என்று இடத்தை நிரப்பினார்கள். பாஸ் கிடார் டோனி லெவின். 'சாரோ'வில் அடிப்பது மெஷின். ஆனாலும் 'ஆன் த டர்னிங் அவே' நல்ல பாட்டு, யார் பெயரில் வந்தாலும்.

2019இல் 'த லேட்டர் இயர்ஸ்' பெட்டித் தொகுப்புக்காக இதைப் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். மேசன் டிரம்ஸை மறுபடி வாசித்தார், ரைட்டின் பழைய பதிவுகளிலிருந்து கீபோர்டு சேர்த்தார்கள். காதுக்கு 2019 பதிப்பே இதம் என்பது என் கட்சி.

கே: இது வரலாற்றைத் திருத்தும் வேலை சார். 1987இல் மேசன் வாசிக்கவில்லை என்றால் வாசிக்கவில்லைதான். நீங்களே 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' ரீமிக்ஸைப் பாராட்டிவிட்டு இதையும் அதே கணக்கில் சேர்க்கிறீர்களே?

ப: சேர்க்கக் கூடாதுதான். ரஷ் செய்தது அதே பதிவை ஒழுங்காகக் கலந்தது. ஃப்ளாய்ட் செய்தது புதுப் பதிவு. ஆனால் 1987 பதிப்பை யாரும் அழிக்கவில்லை, பழைய சிடி இன்னும் ஓடும். ரைட் 2008இல் இறந்துவிட்டார். அவர் கையை இன்னும் கொஞ்சம் கேட்க முடிகிறது என்பதில் எனக்குப் புகார் இல்லை.

கே: செத்தவர் சம்மதம் யார் வாங்கினார்கள்? இந்த வழியில் போனால் 'த எண்ட்லெஸ் ரிவர்' மாதிரி எத்தனை வேண்டுமானாலும் போடலாமே.

ப: 2014இல் வந்த அந்த ஆல்பம் 1993-94 அமர்வுகளின் மிச்சம், பெரும்பாலும் வெறும் வாத்தியம், அப்படித்தான் சொல்லி விற்றார்கள். எதை எப்போது பதிந்தார்கள் என்று அட்டையில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

கே: அப்படியானால் ரோலிங் ஸ்டோன்ஸின் 'டாட்டூ யூ'?

ப: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1981இல் புது ஆல்பம் என்று கடைக்கு வந்தது. உள்ளே பெரும்பகுதி முந்தைய ஆல்பங்களுக்குப் பதிந்து ஒதுக்கியவை. கிறிஸ் கிம்சி தேடியெடுத்தவற்றின் மேல் பாடகர் ஜாகர் புதிதாகப் பாடினார். 1974இலேயே விலகிய மிக் டெய்லரின் கிடார் 'டாப்ஸ்' பாட்டில் கேட்கிறது. கலப்படம் என்று அன்று யாரும் கத்தவில்லை, பாட்டு நன்றாக இருந்ததால். 2023இன் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' இந்த விஷயத்தில் யோக்கியம்: 2021இல் இறந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் எந்த இரண்டு பாட்டில் வாசித்தார் என்பது தெரியும்.

கே: 2019 மிக்ஸ் பிடிக்கும் என்றால் உங்களுக்கு அசலே பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ப: இரண்டும் வைத்திருக்கலாம். ஃப்ளாய்ட் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: ஃபில் காலின்ஸ் இல்லாத ஜெனிசிஸ், அதே பெயரை வைக்கலாமா?

ப: மேலே பதில் இருக்கிறது. 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்' (1997) சறுக்கியதற்குப் பாடகர் ரே வில்சன் மட்டும் காரணமில்லை. காலின்ஸ்தான் டிரம்மரும், அவரோடு அதுவும் போனது.

கே: பாடகர் ஃப்ரெடி இல்லாத குவீன்?

ப: மேலே. மேலே.

கே: 2019 மிக்ஸை 1987ஓடு எப்படி ஒப்பிடுவது?

ப: சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு. ஒரு டெசிபல் கூடினாலே அதிகச் சத்தமுள்ளது நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். சிடி என்றால் உரக்க இருப்பதைக் கையால் குறையுங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கியே வையுங்கள். ஒரே பாட்டின் ஒரே முப்பது விநாடியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். முதலில் ஸ்னேர், பிறகு கீபோர்டு.

கே: பிளாக் சபத்தின் '13' எல்பி இசைத்தட்டில் சத்தம் நன்றாக இருக்குமா? விலை மூன்று மடங்காக இருக்கிறது.

ப: ரிக் ரூபின் தயாரிப்பு, 2013. சிடி உரக்க அழுத்தப்பட்டது. ஒப்பந்தத் தகராறில் பழைய டிரம்மர் பில் வார்ட் இல்லை. பிராட் வில்க் கவனமாக வாசிக்கிறார், வார்டின் ஆடும் தாளநடை (ஸ்விங்) வராது. எல்பி என்பதாலேயே எதுவும் திறந்துகொள்ளாது. அதே அழுத்திய கோப்பிலிருந்து வெட்டியிருந்தால் அதே கரகரப்புக்கு மூன்று மடங்கு கொடுப்பீர்கள். எல்பிக்கென்று தனியாக மாஸ்டர் செய்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் சிடியே வாங்குங்கள்.