டயரை மாற்றினேன், மைலேஜ் எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய டயர், ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்), டீசல் செலவு பற்றியவை. நலம் விசாரிப்பையும் வண்டி வாங்கிய கதையையும் வெட்டிவிட்டுக் கேள்வியை மட்டும் தருகிறேன்.

கேள்வி: என் பிக்கப் டிரக்கில் 265/70 ஆர்17 டயர் இருந்தது. கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போட்டேன். லிட்டருக்கு 10 கி.மீ. ஓடிய வண்டி இப்போது 8.5 தான் ஓடுகிறது. "பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றும், டீசல் மிச்சம்" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாந்தீர்கள், பாதி தப்பாகக் கணக்குப் போட்டீர்கள். கணக்கை முதலில் சரி செய்வோம்.

வண்டி எத்தனை கிலோமீட்டர் போனது என்பது மீட்டருக்குத் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதுதான் தெரியும். உங்கள் பழைய டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ. (அகலம் 265, அதில் 70 சதவீதம் பக்கச்சுவர், அது மேலும் கீழும் இரண்டு முறை, நடுவில் 17 அங்குல ரிம்.) 35 அங்குலம் என்றால் 889 மி.மீ. ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 10.7 சதவீதம் கூடுதலாக நகர்கிறது. மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது நீங்கள் ஏறக்குறைய 110.7 கி.மீ. போயிருப்பீர்கள். 8.5-ஐ 1.107-ஆல் பெருக்கினால் 9.4. உண்மையான இழப்பு 15 சதவீதம் இல்லை, 6 சதவீதம்.

அந்த ஆறு சதவீதம் எங்கே போனது? டயர் கனம், தரையைத் தொடும் பட்டை அகலம், அதில் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டை பெரிது, வண்டியும் உயர்ந்துவிட்டது. நான்கு டயரிலும் தலா 10 கிலோ கூடினால் 40 கிலோதான். ஆனால் அந்த எடை சுற்றும் விளிம்பில் இருப்பதால், வேகமெடுக்கும்போது எஞ்சினுக்கு அது 70, 80 கிலோ போலத் தெரியும். அடிக்கடி நின்று கிளம்பும் வண்டியில் இதுவே டீசலைக் குடித்துவிடும்.

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. 3.73 ஆக்சில், 0.70 டாப் கியர் என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,725 சுற்று சுற்றிய எஞ்சின் இப்போது 1,560-இல் ஓடும். சுற்று குறைந்தால் எஞ்சினுக்குள் உரசல் குறையும், அதில் கொஞ்சம் மிச்சம்தான். ஆனால் வண்டியைத் தள்ளத் தேவையான சக்தி குறையவில்லையே, கூடியிருக்கிறது. அதே வேலையைக் குறைந்த சுற்றில் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் கூடுதலாக முட்டித் தள்ள வேண்டும். சிறிய ஏற்றம், எதிர்க்காற்று, பின்னால் சுமை, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் டாப் கியர் தாங்காமல் கீழ் கியருக்கு இறங்கிவிடும். அதோடு அவர் சொன்ன மிச்சமும் போச்சு.

ஒரு வேலை செய்யுங்கள். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, சமதளத்தில் ஒரே ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் தூரத்தை அளந்து பாருங்கள். 35 என்று விற்கப்படும் டயர் எல்லாமே 35 இருப்பதில்லை. வண்டி எடையில் அமுங்கும்போது இன்னும் கொஞ்சம் குறையும். மைலேஜ் கணக்கை அந்த அளவை வைத்துப் போடுங்கள்.

கேள்வி: பெரிய டயருக்கு ஏற்றபடி ஆக்சில் கியரை 3.73-லிருந்து 4.10-க்கு மாற்றினால் போன மைலேஜ் திரும்பி வருமா?

பதில்: இழுவை திரும்பி வரும். மைலேஜ் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்.

கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 803-லிருந்து 889-க்குப் போனால் 3.73 என்பது 4.13 ஆக வேண்டும். கிடைப்பதில் பக்கத்தில் இருப்பது 4.10. அதைப் போட்டால் எஞ்சின் 100 கி.மீ. வேகத்தில் மீண்டும் 1,715 சுற்றுக்கு வந்துவிடும். மாற்றாமல் விட்டால், உங்கள் 3.73 நடைமுறையில் 3.37 போல வேலை செய்யும். கியர் சைக்கிளில் ஏற்றத்துக்கு முன்னால் தப்பான பல்லில் மாட்டிக்கொண்டது போலத்தான்.

நீங்கள் பெரும்பாலும் சமதள நெடுஞ்சாலையில், சுமையில்லாமல், ஒரே வேகத்தில் போகிறவர் என்றால் 4.10 போட்ட பிறகு மைலேஜ் சற்றுக் குறையவும் வாய்ப்புண்டு. நகரம், மலை, டிரெய்லர் என்று ஓட்டுகிறவருக்கு வண்டி டாப் கியரிலேயே நிற்கும். ஆட்டோமேட்டிக் என்றால் மேலும் கீழும் கியர் தேடி அலையாது, கியர்பாக்ஸ் சூடும் குறையும். அவருக்கு மைலேஜ் ஓரளவு ஏறும். ஆனால் மிச்சமாகும் டீசலில் கியர் மாற்றிய செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள். பெரும்பாலும் அது நடக்காது. கிளட்சுக்காகவும் கியர்பாக்ஸுக்காகவும் இழுவைக்காகவும் செய்யுங்கள்.

இன்னொன்று. நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். செலவு இரண்டு மடங்கு என்பதை எஸ்டிமேட் கேட்கும்போதே நினைவில் வையுங்கள். கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் விகிதத்தைத் தீர்மானிக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) பொருத்துவது எல்லா மெக்கானிக்கும் செய்யும் வேலை இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி பிசகினால் வண்டி வாழ்நாள் முழுக்க ஊளையிடும். பொருத்தியதும் சுமை ஏற்றி விரட்டாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, ஆக்சில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டீசல் குழாயில் மாட்டும் காந்தம் வாங்கலாமா? 20 சதவீதம் மிச்சம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம்.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். "35 டயர், 4.10 கியர் போட்டது, மீட்டரும் சரி செய்தது, 90,000 கி.மீ. ஓடியது" என்று எழுதியே கொடுத்தார்கள். ஏற்றத்தில் உயிர் போகிறது. மெக்கானிக் திறந்து பார்த்து, 3.55 தான் இருக்கிறது என்கிறார். விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: வருத்தமாக இருக்கிறது. இது உங்கள் அசட்டை இல்லை. நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் பொய்யை எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம்தான் இப்போது உங்கள் ஆயுதம், பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக்கிடம் படத்துடன் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கிரவுன் வீலில் 39 பல், பினியனில் 11 பல் இருந்தால் 3.55. 4.10 என்றால் 41-க்கு 10. பல்லை எண்ணிவிட்டால் யாரும் வாதாட முடியாது. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லை என்றால் நுகர்வோர் புகார்.

கியரில் பொய் சொன்னவர் மீட்டரில் உண்மை சொல்லியிருப்பார் என்று நம்பாதீர்கள். சரி செய்யாத மீட்டர் என்றால், 35 டயர் போட்ட நாளிலிருந்து ஓடிய தூரம் அதில் குறைவாகவே ஏறியிருக்கும். ஆரம்பத்திலிருந்தே அந்த டயர்தான் என்றால் 90,000 என்பது ஏறக்குறைய ஒரு லட்சம். சர்வீஸ், ஆயில், பெல்ட் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் செய்யுங்கள்.

என்னிடமும் ஒருவர் இப்படி விற்றார். மூடியில் பெயின்ட்டால் 4.10 என்று எழுதிய பழைய ஆக்சில். உள்ளே வேறு. அந்தப் பெயின்ட் காய்ந்து அதிக நாள் ஆகியிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன், வாங்கும் முன்பே சோதிக்கலாம், ஆக்சிலைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். வண்டிக்கு அடியில் படுக்காமல் பக்கத்திலிருந்தே பாருங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்றரைக்குச் சற்று மேல் என்றால் 3.55, மூன்றே முக்காலை ஒட்டி என்றால் 3.73, நான்கைத் தாண்டினால் 4.10. இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சாதாரண டிஃபரென்ஷியலுக்குத்தான் இந்த இரண்டு சுற்றுக் கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் உள்ளதில் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் பழைய கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரக் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். திரை எத்தனை அங்குலம், சீட்டில் எத்தனை வகைத் தையல், கோப்பை வைக்க எத்தனை குழி, எல்லாம் இருக்கும். ஆக்சில் விகிதம் இருக்காது, இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஒரே மாடல், ஒரே எஞ்சின், ஆனால் ஒன்றில் 3.21, இன்னொன்றில் 3.92. ஒன்று மைலேஜ் சோதனையில் அழகாகத் தெரியும், மற்றது சுமை இழுக்கும். விளம்பரத்தில் மேல் வரியில் முதலாவதன் மைலேஜ், அடுத்த வரியில் இரண்டாவதன் இழுவைத் திறன். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்காது என்பதை யார் சொல்வது? விற்பனையாளரிடம் கேட்டால் "நல்ல கியர் சார்" என்பார். நல்ல கியர் என்று ஒரு விகிதம் கிடையாது. எண்ணைக் கேளுங்கள். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் ஆக்சில் குறியீடு இருந்தால் அதைப் படமெடுத்து, தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எண் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் தள்ளுபடியில் இரண்டு 33 அங்குல டயர் வாங்கிப் பின்னால் போட்டுவிட்டேன். முன்னால் பழைய 31 ஓடுகிறது. நான்கு சக்கர இயக்கம் போட்டால் வண்டி முறுக்கிக்கொண்டு இழுக்கிறது, மைலேஜும் இல்லை. என்ன கியர் போட வேண்டும்?

பதில்: கியர் இல்லை, இன்னும் இரண்டு டயர். முன்னும் பின்னும் ஒரே தூரத்துக்கு வெவ்வேறு சுற்று சுற்றினால் இடையில் மாட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) என்ன செய்யும்? அது உடைவதற்குள் நான்கையும் ஒரே அளவாக்குங்கள். அதுவரை நான்கு சக்கர இயக்க லீவரைத் தொடாதீர்கள். வாங்கிய பிறகு கேள்வி அனுப்பும் பழக்கத்தையும் மாற்றுங்கள், தயவுசெய்து.

கேள்வி: கொஞ்சம் உயரம் வேண்டும், மைலேஜ் அதிகம் போகக் கூடாது. 265/70 ஆர்17-க்குப் பதிலாக எது?

பதில்: வாங்கும் முன் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. 255/80 ஆர்17 பாருங்கள். விட்டம் சுமார் 840 மி.மீ., பழையதைவிட 4.6 சதவீதம்தான் கூடுதல். அகலம் கூடவில்லை, 10 மி.மீ. குறைகிறது. பெரும்பாலும் கியரை மாற்றாமலே ஓட்டிவிடலாம். முழு ஸ்டீயரிங் திருப்பும்போது எங்காவது உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவைவிடக் கட்டை முக்கியம். சேற்றுக்கான டயரின் கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து சூடாகின்றன, அந்தச் சூடு உங்கள் டீசல். சேறே காணாத வண்டிக்கு நான் ஒருமுறை சேற்று டயர் வாங்கினேன், பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது என்பதற்காக. அது போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் கிடைத்தால் எரிபொருள் எழுத்தைப் பாருங்கள். 2021 மே முதல் அது ஏ-யிலிருந்து ஈ வரை. ஏ நல்லது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: தேய்ந்த டயர் புதியதைவிட லேசாக உருளும். தேய்ந்த பழைய டயரின் மைலேஜோடு நேற்றுப் போட்ட புது டயரின் மைலேஜை ஒப்பிட்டுக் கம்பெனியைத் திட்டக் கூடாது.

கேள்வி: கனரக லாரி வாங்குகிறோம், நெடுந்தூர ஓட்டம். 3.70 ஆக்சிலா, 2.64-ஆ?

பதில்: எஞ்சினைப் பொறுத்தது. இப்போதைய நெடுந்தூர லாரிகளில் எஞ்சினை 1,100, 1,200 சுற்றில் ஓடவிட்டு, ஆக்சில் விகிதத்தைக் குறைத்துத்தான் டீசல் மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த எஞ்சின்கள் 1,000 சுற்றிலேயே முழு இழுவையைத் தரும்படி செய்யப்பட்டவை. அந்தத் திறன் இல்லாத எஞ்சினுக்குப் பின்னால் 2.64 மாட்டினால் ஒவ்வொரு பாலத்திலும் கியர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வழித்தடம், சுமை, வழக்கமான வேகம் மூன்றையும் எழுதிக் கொடுத்து, டாப் கியரில் எத்தனை சுற்று என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். குவாரி வேலைக்கும் அதே லாரி போகும் என்றால் 2.64 வேண்டாம்.

கேள்வி: டயர், கியர் எதையும் மாற்றாமல் மைலேஜ் கூட்ட வழி?

பதில்: காற்றழுத்தம் பாருங்கள், 100-இல் போவதை 80 ஆக்குங்கள். 80-ஐவிட 100-இல் காற்றின் தடை 56 சதவீதம் அதிகம்.

கேள்வி: மைலேஜ் எனக்கு முக்கியமில்லை. வண்டி கம்பீரமாக நிற்க வேண்டும். 803 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 37 அங்குலம் போடலாமா?

பதில்: உங்கள் பணம், உங்கள் டீசல். ஆனால் சக்கரம் அவ்வளவு பெரிதானால், அதே அழுத்தத்துக்கு பிரேக் தரையில் பிடிக்கும் பலம் சுமார் 15 சதவீதம் குறையும். பிரேக்கை முதலில் கவனியுங்கள். ஸ்டெப்னியையும் 37-இலேயே வாங்க வேண்டும். அதை மாட்ட வண்டிக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று, பணம் கட்டும் முன் குனிந்து அளந்து பார்த்துவிடுங்கள்.