மூக்கு நுனிக்குக் கையெழுத்து, காதிலும் கத்தி

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் 1.2 லட்சம் ரூபாய் கட்டி, மூக்கு நுனியைக் கூராக்க ஆபரேஷன் செய்துகொண்டேன். உள்ளே தையல் மட்டும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கண் விழித்தால் காதிலும் கட்டு! அங்கிருந்து குருத்தெலும்பு எடுத்து நுனியில் வைத்தார்களாம். இப்போது நுனி கோணல். வலப் பக்கம் மூச்சு அடைக்கிறது. "வீக்கம் வடியும், பொறுங்கள்" என்கிறார் டாக்டர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் சகோதரி. ஆனால் "மூக்கு அழகாக வரவில்லை" என்று மனுவை ஆரம்பிக்காதீர்கள். நினைத்த அழகு வராதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. நுனிக் குருத்தெலும்புகளைத் தையலால் நெருக்குவது, மேல் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டுவது, காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ துண்டெடுத்து முட்டுக்கொடுப்பது எல்லாமே மருத்துவ உலகம் ஏற்ற முறைகள்தான்.

உங்கள் பலம் காதில் இருக்கிறது. அவசரமில்லாத சிகிச்சையில், ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று சமிரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. (அந்தம்மாவின் கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள், கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். கோடிக்கணக்கில் கனவு வேண்டாம்.) நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் "தேவைப்பட்டால் காதிலிருந்து குருத்தெலும்பு எடுக்கப்படும்" என்று பொடி எழுத்தில் இருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். அதனால் முதலில் எல்லா ஆவணங்களையும் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

அப்புறம் மூச்சு. நுனிக் குருத்தெலும்பின் மேல் ஓரத்தை அளவுக்கு மீறி வெட்டினால் பக்கச்சுவர் வலுவிழந்து, மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒட்டும். உங்களுக்கு நடந்தது அதுதானா என்பதை வேறொரு ஈ.என்.டி. டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும்.

நுனி வீக்கம் வடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், டாக்டர் சொல்வது பொய்யில்லை. ஆனால் நுகர்வோர் வழக்குக்குக் கெடு 2 வருடம். ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், கையில் 10 மாதம்தான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நீங்கள் கட்டிய தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. போலீஸ் புகார் வேண்டாம். அதற்கு மிக மோசமான கவனக்குறைவைக் காட்ட வேண்டியிருக்கும்.

திருத்த ஆபரேஷனுக்கு யாராவது நாள் குறித்தால், அதற்கு முன்பே போட்டோவும் அறிக்கையும் கையில் இருக்கட்டும். மூக்கைச் சரிசெய்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.